எண்ணெய் தேய்த்து வந்த விருந்தாளி

தொலைபேசியில் அந்த அம்மாள் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். ஜப்பானில் ஒருவர் அப்படி மன்னிப்புக் கேட்டால் இல்லை என்று சொல்கிறார் என்றுதான் அர்த்தம். வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது.

மலைக்குள்ளே ஓர் ஆற்றோரம் இருக்கும் சின்ன வெந்நீர் ஊற்று விடுதி அது. அந்த அம்மாளும் அவருடைய மகனும் மட்டுமே நடத்துகிறார்கள். சில அறைகள், எல்லோருக்குமாக ஒரே ஒரு குளியல் தொட்டி. ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். வெளிநாட்டுக்காரர்கள் யாரும் இதுவரை அங்கே தங்கியதில்லை. குளிக்கிற முறையை அவர்களுக்கு விளக்கத் தனக்கு வேறு மொழி தெரியாது, மற்ற விருந்தினர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவர் இழுத்தார்.

"நீங்கள் எதையும் விளக்க வேண்டாம்" என்றேன். "நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பெரியவர்களைக் குளிப்பாட்டுவதுதான் என் வேலை. முறையெல்லாம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. அதற்கு நான் பொறுப்பு."

மறுமுனையில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்பாவா வருகிறார்?"

"ஆமாம்."

"சரி. ஒரு ராத்திரி தங்குங்கள். அப்புறம் பார்க்கலாம்."

அந்த 'அப்புறம் பார்க்கலாம்' எதற்கு என்று எனக்குத் தெரியும். நாங்கள் தங்கிவிட்டுப் போகும் விதத்தைப் பார்த்துத்தான் இனி எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கும், அல்லது மூடும்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார். எழுத்து இரண்டிலும் இல்லை. கேரள எல்லையில் காரோடு என்கிற ஊர்ப் பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களில் மண் வெட்டுவார், கோடையில் கிணறு இறைத்துத் தேய்ப்பார், கிடைத்த வேலைக்குப் போவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்து, ஜப்பானிய மொழிப் பரீட்சையும் எழுதித் தேறி, கடைசியில் முதியோர் இல்ல வேலைக்குப் போனேன் என்றதும் உதியன்குளங்கரை சந்திப்பில் இருக்கும் டீக்கடையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒனக்க மொவன் இத்தன படிச்சது கண்ட கெளவனுக்கெல்லாம் முதுகு தேய்க்கவாலே?"

அப்பா டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். இந்தப் பயணம் தீர்மானமானதும் அதே கடையில் போய் உட்கார்ந்து, சப்பானில் பூமிக்கடியிலிருந்து தானாகவே கொதித்து வரும் தண்ணீரில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "சுடுவெள்ளத்துல குளிக்க பிளேன் ஏறணுமா? வீட்டுல அடுப்பு இல்லியா?" என்று சிரித்தார்களாம். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா ஊரிலேயே நின்றுவிட்டாள். அப்பா தனியாக வந்து இறங்கினார், காது மூடும் குல்லாவோடு.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அடுத்தவர்களின் அப்பாக்களைத் தினமும் வெந்நீரில் உட்கார வைக்கிறேன். அவர்கள் கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் மறந்து இருப்பதைப் பார்க்கிறேன். என் அப்பா ஒரு தடவையாவது அப்படி இருக்க வேண்டும். விருந்தாளியாக, வேலை எதுவும் செய்யாமல்.

ரயிலில் போகும்போது முறைகளைச் சொன்னேன். தொட்டிக்குள் துணி எதுவும் கூடாது.

"தோர்த்து கூடவா?"

"இடுப்புத் தோர்த்தும் கூடாது, அப்பா."

அவர் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அவனுவளும் அப்படித்தானே இருக்கானுவ. பின்னே எனக்கென்ன."

உள்ளே நீந்தக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இறங்குவதற்கு முன்னால் வெளியே உட்கார்ந்து உடம்பைக் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரில் சோப்பு ஒரு பொட்டு விழக் கூடாது. இதை அழுத்திச் சொன்னேன். அப்பா விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டார். சபையில் பிரசங்கம் கேட்கும்போதுகூட இத்தனை கவனமாக இருக்க மாட்டார்.

விடுதிக்கார அம்மாள் வாசலில் முழங்காலிட்டு வரவேற்றார். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் முழங்காலிடப் போனார். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அறையில் அவருக்கு யுகாத்தா என்கிற பருத்தி அங்கியைக் கொடுத்தார்கள். கணுக்கால் வரை தொங்கும். அப்பா அதை உடுத்திக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். பிறகு ஊரில் உடுத்தும் சாரத்தை மடித்துக் கட்டுவது போல முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்க்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

பாஸ்போர்ட் விவரம் எழுதவும், அப்பா எதைச் சாப்பிடுவார், பச்சை மீனைச் சாப்பிடுவாரா என்று பேசவும் நான் கீழே போனேன். "நீ பொறவு வா மக்கா, நான் மெதுவாக் குளிக்கப் போறேன்" என்றார் அப்பா. குளியலறையை முன்பே காட்டியிருந்தேன். பயம் ஒன்றும் இல்லை.

நான் போனதும் அப்பா பெட்டியைத் திறந்திருக்கிறார். செம்பருத்தியும் கறிவேப்பிலையும் சீரகமும் போட்டு அம்மா காய்ச்சிய தேங்காய் எண்ணெய், பாலித்தீன் சுற்றி, டேப் ஒட்டி, துணிக்குள் பொதிந்த குப்பியில் வந்திருந்தது. குளிரில் அது வெள்ளையாக உறைந்து கிடந்தது. அறையில் இருந்த ஹீட்டர் பக்கத்தில் வைத்து உருக்கினார். எங்கள் ஊரில் தினமும் குளிப்பது பச்சைத் தண்ணீரில். வெந்நீர் போடுவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் மட்டும். வெந்நீர் என்றாலே எண்ணெய்தான். மலையே வெந்நீர் கொடுக்கிறது, வெறும் உடம்போடு போனால் அது மரியாதையா? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, ஊருக்கு வந்த கலியாண மாப்பிள்ளை மாதிரி தேய்த்துக்கொண்டு கீழே இறங்கினார். சின்ன முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டார். சோப்பு கூடாது என்று மகன் சொன்னது நினைவிருந்ததால் சோப்பைத் தொடவே இல்லை. எண்ணெயைச் சுடுவெள்ளம் எடுத்துக்கொள்ளும் என்று தொட்டிக்குள் இறங்கினார்.

முதலில் பார்த்தது விடுதிக்கார அம்மாளின் மகன். ஆண்களின் நேரம் முடிகிறதா என்று எட்டிப் பார்த்தவன், வேகமாக வந்து என்னைக் கூப்பிட்டான். குளியலறைப் பக்கம் கையைக் காட்டினான். மீதியை முகம் சொன்னது.

உள்ளே போனேன். ஊற்று நீர் பால் கலந்தது போல வெண்மையாக இருக்கும். அதன் மேலே, மீன்குழம்பில் எண்ணெய் தெளிந்து நிற்பது போல, பொன்வட்டங்கள் மிதந்துகொண்டிருந்தன. நடுவே கழுத்தளவு தண்ணீரில் அப்பா கண்ணை மூடி இருந்தார்.

"மக்கா, அழுவின முட்டை நாத்தம் இருக்கு. ஆனா சொர்க்கம் ஆக்கும். எறங்கு."

எனக்குப் பின்னால் அந்த அம்மாள் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், பெண்களின் நேரத்துக்காகத் துண்டோடு காத்திருந்த வயதான சகோதரிகள் இரண்டு பேர். வருடாவருடம் வருகிறவர்களாம். நான் இடுப்பு வளையக் குனிந்தேன். அந்த அம்மாள் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தன் மகனிடம், "தண்ணீரை இறக்கிவிடு" என்றார். தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டும். ஊற்றுக் குழாய் விரல் தடிப்புதான், திரும்ப நிரம்ப விடியற்காலை ஆகிவிடும். சகோதரிகளுக்கு அன்றைக்குக் குளியல் இல்லை.

'தொந்தரவு வராது, நான் பொறுப்பு' என்று நான் கொடுத்த வார்த்தை அந்தத் தண்ணீரோடு சேர்ந்து ஓட்டைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ எதுக்குலே குனியுக?" என்றார் அப்பா, தொட்டியிலிருந்து ஏறி அங்கியைச் சுற்றிக்கொண்டே.

சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அந்தச் சகோதரிகளைப் பார்த்தார்.

"நாணக்கேடாப் போச்சு" என்றார். பிறகு, "தேய்க்கது எங்க வச்சிருக்காவன்னு கேளு."

"அப்பா, நாம விருந்தாளி. நம்மளச் செய்ய விடமாட்டாவ."

"கேட்டாத்தானே விடமாட்டாவ" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளின் மகன் கையிலிருந்த தேய்க்கும் பிரஷ் கட்டையை அப்பா எடுத்துக்கொண்டார். எடுத்த வேகத்தில் அவன் விட்டுவிட்டான். அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலித் தொட்டிக்குள் இறங்கினார்.

அவன் ரப்பர் குழாயைத் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினான். கல்லில் ஒட்டியிருந்த எண்ணெய் அந்த நிமிடமே மெழுகு போல வெள்ளையாக உறைந்துவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்துத் திகைத்து நின்றோம்.

"நம்ம எண்ணெய்க்கும் குளுரு பிடிச்சாச்சு" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலேயே அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு ஊற்றுக் குழாயிலிருந்தே வாளி வாளியாகச் சுடுநீர் பிடித்து ஊற்றினோம். நான் ஊற்ற, அவர்கள் இருவரும் தேய்த்தார்கள். அப்பா தமிழில் பேசினார், இடையிடையே மலையாளத்தில். அவன் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னான். வேலை ஒன்றும் நிற்கவில்லை.

எண்ணெய் போய்விட்ட பிறகும் அப்பா விடவில்லை. குழாய் வாயைச் சுற்றிக் கல்லில் வெள்ளையாகப் படிந்து கிடந்த பொருக்கைச் சுரண்ட ஆரம்பித்தார். அவன் பதறி அவர் கையைப் பிடித்தான். அது அழுக்கில்லை, ஊற்றுநீர் பல வருடமாகப் பூத்த பூ, வருகிறவர்கள் அதைத்தான் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று என்னிடம் சொன்னான். நான் அப்பாவிடம் சொன்னேன்.

"பூவா? செரி, பூ இருக்கட்டு. இந்தப் பய நல்ல வேலைக்காரன் ஆக்கும்."

அந்த அம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் அருகில் போய் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் வெந்நீர் என்றால் எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்போம், உங்களை மதித்துத்தான் அப்பா அப்படி வந்தார் என்று விளக்கினேன்.

"குளிப்பதற்கு முன்பா?" என்று கேட்டார்.

"முன்பு."

"என் அம்மா தலைக்குக் கமேலியா விதை எண்ணெய் வைப்பாள். ஆனால் குளித்த பிறகு." கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "முறையெல்லாம் தெரியும் என்றீர்கள். எண்ணெயைப் பற்றி நான்தான் கேட்கவில்லை. எந்த விருந்தாளியிடமும் அதைக் கேட்டதில்லை."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அப்பா அறைக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: "எனக்கு இனி அதில எறங்க வேண்டா. நான் குளிச்சாச்சு." அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். அம்மா முழுக் கதையையும் கேட்டாள்.

"எண்ணெ தேய்க்காம குளிச்சா சளி பிடிக்கும்னு நாந்தானே குடுத்து விட்டேன். அவிய ஏசினாவளா?"

"ஏசல்ல."

"பின்னே எதுக்கு இந்த மனுசன் இப்படி இருக்காரு?"

"ஏசியிருந்தா நல்லாயிருக்கும்" என்றார் அப்பா.

சாப்பாட்டு அறையில் சகோதரிகள் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அப்பா தலை குனிந்து ஜெபம் பண்ணினார். அவர் முடிக்கும்வரை அவர்களும் சாப்பிடும் குச்சியை எடுக்காமல் இருந்தார்கள். பிறகு மூத்தவர் என்னைப் பார்த்து, விடியும்போது தொட்டி நிரம்பியதும் யார் முதலில் இறங்குவது என்று கேட்டார். ஒருவரும் இறங்காத புது நீரில் முதல் ஆளாக இறங்குவது அங்கே பெரிய மரியாதை. வீட்டுத் தலைவருக்கோ முக்கியமான விருந்தாளிக்கோதான் அது கிடைக்கும்.

"அவியளுக்க முறை போச்சில்லியா. அவிய மொதல்ல எறங்கட்டு" என்றார் அப்பா.

சொன்னேன். சகோதரிகள் கையை அசைத்து மறுத்தார்கள். தேய்த்தவர் இறங்கட்டும் என்றார் இளையவர். அப்பா மறுபடி வேண்டாம் என்றார். அவர்கள் மறுபடி வேண்டாம் என்றார்கள். எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் பந்திக்கு முதலில் யார் உட்காருவது என்று நடக்கும் தர்க்கம் அப்படியே நடந்தது. நடுவில் நின்று மொழிபெயர்த்தே என் சோறு ஆறிவிட்டது.

அப்போது விடுதிக்கார அம்மாள் வந்து அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க இந்தத் தொட்டியைத் தேய்த்தார். தேய்க்கிறவர் எப்போதும் கடைசியில்தான் குளிப்பார். ஒருநாள்கூடப் புது நீரில் அவர் முதலில் இறங்கியதில்லை. நாளைக்கு ஒரு நாளாவது தேய்த்தவர் முதலில் இறங்கட்டும் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்."

நான் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னேன். அப்பா கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தார். பிறர் கிணற்றையும் தொட்டியையும் தேய்த்துவிட்டு வாய்க்காலில் குளித்து வீடு வருகிற மனிதர் அவர்.

"செரி. வாறேன்னு அந்த அக்காகிட்ட சொல்லு."

விடியற்காலையில் இருவரும் இறங்கிப் போனோம். குளியலறை ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடந்தது. தொட்டி விளிம்பு வரை நிரம்பி, தளும்பாமல் நின்றது. அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சோப்பு போட்டார், மறுபடி போட்டார், தலைக்கும் போட்டார். தோளைக் காட்டி, "மோந்து பாரு" என்றார். மோந்தேன். சோப்பு வாசனைதான். ஆனால் முதுகில் இன்னும் வழவழப்பு இருந்தது. நான் துணியை எடுத்து அவர் பின்னால் உட்கார்ந்தேன்.

வேலையில் செய்வது போலவே செய்தேன். கழுத்திலிருந்து கீழாக, தோள்பட்டையைச் சுற்றி வட்டமாக, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி. சுமையும் மண்வெட்டியும் பழகிய முதுகு. வலது பக்கம் இறுகிக் கிடந்தது. அங்கே நிறுத்தி நிறுத்தித் தேய்த்தேன். கடைசியில் வெந்நீர் ஊற்றியபோது அப்பா சொன்னார்:

"நல்லா தேய்க்குத. இதுக்கும் படிக்கணும் இல்லியாலே."

"படிக்கணும், அப்பா. பரீட்சை உண்டு."

"ஊருக்குப் போயி சொல்லணும்."

பிறகு எழுந்து, ஒரு கையை என் தோளில் வைத்து, விளிம்பில் காலை வைத்தார். மெதுவாக உட்கார்ந்தார். நிரம்பியிருந்த தொட்டி நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வழிந்தது. புது நீர் தளம் முழுவதும் சளசளவென்று ஓடி என் காலை நனைத்துக்கொண்டு போனது. அத்தனை தண்ணீரையும் வெளியே தள்ளிக்கொண்டு என் அப்பா உள்ளே இருந்தார். நீரின் மேலே ஒரு புள்ளிகூட எண்ணெய் இல்லை. நான் தினமும் அடுத்தவர்களின் அப்பாக்களிடம் கேட்கும் அந்தப் பெருமூச்சு அவரிடமிருந்து வந்தது. ஆனால் அவர்களுடையதைவிட நீளம்.

நானும் இறங்கினேன். நாங்கள் இரண்டு பேரும் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். போதும் என்று தோன்றியபோது எழுந்து சகோதரிகளுக்கு இடம் விட்டோம். அவர்கள் தாழ்வாரத்தில் துண்டோடு நின்றிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக் கையை நீட்டி, "எறங்குங்க, நல்ல சூடு உண்டு" என்றார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அந்த அம்மாள் ஒரு சின்ன மரப்பலகையும் மையும் தூரிகையும் கொண்டு வந்து வைத்தார். பலகையின் இடது பாதியில் ஜப்பானிய மொழியில் அவரே எழுதியிருந்தார்: உடம்பில் எண்ணெய் தேய்த்திருந்தால் சோப்பால் கழுவிவிட்டு இறங்கவும்.

"மற்ற பாதியில் உங்கள் மொழியில் எழுதுங்கள்."

எனக்கு உடனே புரியவில்லை. "இதை இங்கே யார் படிப்பார்கள்?"

"உங்கள் ஊரிலிருந்து இனி வருகிறவர்கள்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் அப்பாவிடம் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், சமையலறையிலிருந்து மகன் எட்டிப் பார்த்தான். அப்பா அங்கியை மாற்றி, சட்டையும் குல்லாவும் போட்டுத் தயாராக நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் வந்து பலகைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தமிழா, மலையாளமா?" என்றேன்.

"ரண்டுலயும் எழுதுலே. நம்ம ஆளுவ யாரு வருவானு தெரியுமா?"

"என்ன எழுதட்டும்? 'தயவுசெய்து உடலில் உள்ள எண்ணெயை அகற்றிய பின்னர்...'"

"அப்படி எழுதினா எவன் படிப்பான்? நான் சொல்லுகேன், நீ எழுது."

அவர் சொன்னார். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் தூரிகையால் எழுதினேன். கை பழகாததால் கோடுகள் கொஞ்சம் தடித்துப் போயின. மகன் ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்தான். சோப்பு வைத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே, உட்கார்ந்தவன் கண்ணில் படும் உயரத்தில் அப்பாவே இடம் காட்டினார். அந்த அம்மாளும் சகோதரிகளும் வரிசையாக நின்று பார்த்தார்கள். மூத்த சகோதரி அதை உரக்க வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்:

"எண்ணெ தேச்சவன் சோப்பு போட்டு நல்லாக் களுவீட்டு எறங்கணும். அதுக்குப் பொறவு பயப்படாண்டாம். இது நம்ம குளிக்க எடம் ஆக்கும்."